ஓடும் ஆங்கிலமும் நடக்கும் தமிழும்

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் சிறுவன் முதலாண்டிலேயே அறிந்துகொள்ளும் சொற்களுள் ‘ரன்’ என்பது ஒன்று. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துக்களால் ஆன சொல் அது. அதற்குப் பொருள் ‘ஓடு’ என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார். மாணவன் பார்த்து எழுதிக்கொள்கிறான். அச்சொல்லைப் பற்றிய கணக்கு அத்துடன் தீர்ந்தது என்று இருவரும் கருதிவிடுகின்றனர். ஆயின், அக்கணக்கு தீர்வதில்லை. வகுப்பு ஏற ஏற, அதே சொல் கடையோடு சேர்ந்து வருகிறது, காய்ச்சலோடு வருகிறது, தேர்தலோடும் வங்கியோடும் துணியின் சாயத்தோடும் வருகிறது. சென்ற இடமெல்லாம் ‘ஓடு’ என்பதையே வைத்துப் பார்க்கும் மாணவன் இடறி விழுகிறான். அவன் எழுதும் தமிழும் அவனோடு சேர்ந்து விழுகிறது. இவ்விரண்டாம் வீழ்ச்சியே தமிழாசிரியர் கவலையோடு எண்ணிப் பார்க்கத்தக்கது.

இச்சிறு சொல்லின் பெருமை ஆங்கில அகராதியாளரையே திகைக்க வைத்ததொன்று. 1755ஆம் ஆண்டில் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையில், அருஞ்சொற்களைக் காட்டிலும் அன்றாட வினைச்சொற்களே தமக்குப் பெருந்தொல்லை விளைத்தன என்னும் கருத்தைப் புலப்படுத்தினார். அத்தகைய சொற்கள் என்று அவர் அடுக்கிய பட்டியலில் ‘ரன்’ என்பதும் இடம்பெற்றது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் வரலாறும் இதனையே காட்டும். 1857ஆம் ஆண்டில் இலண்டன் மொழியியற் கழகத்தாரால் எண்ணப்பெற்ற அப்பணி, 1884இல் முதற்பகுதி வெளிவந்து, 1928இல் நிறைவெய்தியது. அதற்குத் தம் வாழ்நாளை ஈந்த ஜேம்ஸ் மரே, முடிவு காணாமலே 1915இல் மறைந்தார். 1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்த இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட இடத்தைப் பிடித்துக்கொண்ட சொல் ‘செட்’ என்பது. அவ்வினைக்கு மட்டும் ஏறத்தாழ 430 பொருள்கள் வகுக்கப்பட்டிருந்தன. பின்னர்த் தொடங்கிய திருத்தப் பணியில் 2000ஆம் ஆண்டில் ‘மேக்’ என்பதும், 2007இல் ‘புட்’ என்பதும் அம்முதலிடத்தைப் பெற்றன. 2011இல் ‘ரன்’ அனைத்தையும் முந்தியது. பீட்டர் கில்லிவர் என்னும் அகராதி அறிஞர் ஒன்பது திங்கள் உழைத்து, அவ்வினைக்கு 645 பொருள்களை வகுத்து முடித்தார்.

எண்ணிக்கை தரும் மயக்கம்

இச்செய்தியைக் கேள்வியுற்றோருள் இரு சாரார் உளர். ஒரு சாரார், “ஒரு சொல்லுக்கு 645 பொருளா! ஆங்கிலத்தின் வளமே வளம். தமிழ் அதன் அருகில் நிற்குமா?” என்று தம் மொழியைத் தாழ்த்திக்கொள்வர். மற்றொரு சாரார், “ஒரே சொல்லை இத்தனை பொருளுக்கு வைத்து இடர்ப்படுவது ஆங்கிலத்தின் வறுமை, தமிழிலோ பொருளுக்கொரு சொல் உண்டு” என்று தோள் தட்டுவர். இரண்டும் பிழைபட்ட முடிபுகளே.

அப்பேரகராதி வரலாற்று முறையில் அமைந்தது என்பதை முதற்கண் நினைவிற்கொள்ளல் வேண்டும். ஒரு சொல் முன்னொரு காலத்தில் ஏற்றிருந்து இன்று வழக்கொழிந்த பொருளையும் அது நீக்குவதில்லை. கல்லறையில் பெயர் பொறிப்பதுபோல் அதனையும் பதிந்து வைக்கும். மேலும், மனிதன் ஓடுவது, கப்பல் ஓடுவது, ஆறு ஓடுவது, வேலி ஓடுவது ஆகியவற்றைத் தனித்தனிப் பொருள்களாகப் பிரித்து எண்ணுவது அதன் முறை. எனவே, 645 என்பது ஓர் ஆங்கிலேயன் நாள்தோறும் தன் நெஞ்சில் சுமந்து திரியும் பொருள்களின் தொகையன்று. அகராதியாளரின் தராசு எவ்வளவு நுண்மையானது என்பதைக் காட்டும் அளவு அது.

அதே தராசில் தமிழின் ‘ஓடு’ என்னும் சொல்லையும் இட்டுப் பார்த்தல் முறை. கூரை ஓடு, ஆமை ஓடு, இரவலன் கையேந்தும் ஓடு, மூன்றாம் வேற்றுமை உருபாகிய ஓடு ஆகியவற்றை ஒதுக்கிவிடலாம். அவை உருவால் ஒத்து வரும் வேறு சொற்கள். வினையாகிய ‘ஓடு’ ஒன்றையே கொள்க. சிறுவன் ஓடுகிறான், ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, காலம் ஓடுகிறது. பலகையில் ரேகை ஓடுகிறது. புடவையின் ஓரத்தில் சரிகை ஓடுகிறது. துயருற்றவனுக்கு வேலையில் மனம் ஓடுவதில்லை. பதறியவளுக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. கோயிலில் தேரோட்டம், கப்பலுக்கு வெள்ளோட்டம், கம்பியில் மின்னோட்டம், உடலில் இரத்த ஓட்டம் என்று பெயர்கள் பிறக்கின்றன. பிறர்பால் இரங்கிக் கண் செல்லுதல் கண்ணோட்டம் ஆயிற்று. திருக்குறளின் 58ஆம் அதிகாரம் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. 1944இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ திரைப்படம் சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடியது என்று இன்றும் முதியோர் சொல்வர். திரையில் ஓடுவது படச்சுருள். அரங்கில் நிலைத்து நிற்பது படம். ஆயினும் ‘நின்றது’ என்னாது ‘ஓடியது’ என்பதே வழக்கு. ஆங்கிலத்திலும் இவ்வாறே. இலண்டனில் 1952இல் தொடங்கிய அகதா கிறிஸ்டியின் ‘மவுஸ்டிராப்’ நாடகம், 2020இல் பெருந்தொற்றால் தடைப்படும் வரை விடாது நடந்ததைக் குறிக்க ஆங்கிலேயர் ‘ரன்’ என்னும் சொல்லையே ஆள்வர்.

ஆகவே, பல பொருள் தாங்குவது ஆங்கிலத்தின் தனிப்பெருமையும் அன்று, தனிக்குறையும் அன்று. மக்கள் நாவில் நெடுங்காலம் பழகிய எளிய வினைச்சொல் எதுவாயினும், எம்மொழியதாயினும், இவ்வாறு கிளைக்கவே செய்யும்.

வேரும் கிளையும்

‘ரன்’ என்பதன் பழைய வடிவங்களுள் ஒன்று பண்டை ஆங்கிலத்தில் வழங்கிய ‘ரின்னன்’ என்பது. அதன் உறவுச் சொற்கள் ஜெர்மானிய மொழியில் இன்றும் உள்ளன: ‘ரென்னன்’ என்றால் கால்களால் ஓடுதல்; ‘ரின்னன்’ என்றால் நீர் ஒழுகுதல். ஜெர்மானியர் இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டதை ஆங்கிலேயர் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டனர். காலின் ஓட்டமும் நீரின் ஓட்டமும் என்னும் இவ்விரு வேர்களிலிருந்தே பெரும்பாலான கிளைகள் தோன்றின என்று கொள்ளலாம். மூக்கு ஒழுகுதல், சாயம் கரைந்து பரவுதல், மெழுகு உருகி வழிதல் ஆகியன நீர்வழிக் கிளைகள். தப்பியோடுதல், போட்டியிடுதல், துரத்துதல் ஆகியன கால்வழிக் கிளைகள்.

இயந்திரக் காலம் வந்தபோது மூன்றாவது கிளையொன்று வானளாவி வளர்ந்தது. நீராவிப் பொறி, இரயில் வண்டி, ஆலை ஆகியவை இயங்குவதற்கும், அவற்றை இயக்குவதற்கும் இச்சொல்லே கைகொடுத்தது. பொறியை இயக்குவோர்க்குரிய சொல், கடையையும் பள்ளியையும் அரசையும் நடத்துவோர்க்கும் உரியதாயிற்று. இன்று கணினியில் ஏற்றிய நிரலும் ஆங்கிலத்தில் இச்சொல்லாலேயே இயங்குகிறது.

பொருள் எவ்வாறு மெல்ல நகர்கிறது என்பதற்குக் கிரிக்கெட் ஆட்டமே போதிய சான்று. மட்டையாளர் இருவர் எதிரெதிர் ஓடி இடம் மாறினால் ஓர் ஓட்டம் என்பது தொடக்கநிலை. ஆனால், பந்து தரையில் உருண்டு எல்லைக்கோட்டைக் கடந்தால், ஒருவரும் ஓடாமலே நான்கு ஓட்டங்கள் கிடைக்கின்றன. நின்ற இடத்தில் நிற்பவனுக்கும் ஓட்டம்! ‘ஓடுதல்’ என்னும் செயல் கழிந்து, ‘ஒரு புள்ளி’ என்னும் பொருளே எஞ்சிவிட்டது. இதனைத் தமிழர் ‘ஓட்டம்’ என்றே மொழிபெயர்த்தனர், அது நிலைத்தும்விட்டது. ஆட்டத்தின் பிறப்பிடத்தில் உண்மையான ஓட்டம் கண்முன் இருந்தமையால், தமிழ்ச் சொல்லும் அக்காட்சியை ஏற்றுக்கொண்டது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது எங்கும் தவறே என்று விதிப்பாரும் இதனை உளங்கொள்ளல் நன்று.

ஓடுமிடமும் நடக்குமிடமும்

இனி, இருமொழியும் வழி பிரியும் இடங்களைக் காண்டல் வேண்டும். இங்கேதான் மாணவன் விழும் பள்ளங்கள் உள்ளன.

நீர்மப் பொருள்களை முதலிற் கொள்க. ஆங்கிலேயனுக்குக் கண்ணீரும் ‘ரன்’, மூக்கும் ‘ரன்’, குருதியும் ‘ரன்’. தமிழிலோ கண்ணீர் வழியும், மூக்கு ஒழுகும். குருதி, நரம்பினுள் இருக்கும்வரை ஓடும். காயத்தின் வழியே வெளிப்பட்டால் வடியும். வாய்க்காலில் நீர் பாயும். விரிசல் கண்ட பானையில் கசியும். ரப்பர் மரத்தில் வெட்டிய கோட்டின் வழியே பால் வடியும். தோட்டத்துப் பிள்ளைகளுள் எவனும் ‘மரத்தில் பால் ஓடுகிறது’ என்று சொல்லமாட்டான். எவரும் கற்பிக்காமலே அவனுக்கு அந்நுண்மை கைவந்துள்ளது. ஆங்கிலத்திலும் ஒழுகலுக்கும் கசிவுக்கும் சொட்டுதலுக்கும் தனிச்சொற்கள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், பொதுச்சொல்லால் அமையும் பழக்கம் அங்கு மிகுதி. சிறப்புச்சொல்லை நாடும் பழக்கம் இங்கு மிகுதி.

அடுத்து, நிறுவனங்களைக் கொள்க. ஆங்கிலேயன் கடையை ஓட்டுகிறான், பள்ளியை ஓட்டுகிறான், நாட்டையே ஓட்டுகிறான். தமிழனோ கடை நடத்துகிறான், பள்ளி நடத்துகிறான், ஆட்சி நடத்துகிறான். ஆங்கிலம் ஓடுமிடத்தில் தமிழ் நடக்கிறது. இது சோம்பலின் அடையாளமன்று. மலாய்மொழியும் இவ்விடத்தில் தமிழின் பக்கமே நிற்கிறது. தெருப் பலகைகளிலெல்லாம் காணப்படும் ‘ஜாலான்’ என்னும் சொல் வழியையும் நடையையும் குறிப்பது. அதன் அடியாகப் பிறந்த ‘மெஞ்ஜாலாங்கான்’ என்பதே அம்மொழியில் வணிகம் நடத்துதலுக்கும் கடமையாற்றுதலுக்கும் வழங்கும் சொல். ஐரோப்பாவிலும் பிரெஞ்சுக்காரர், பொறி செவ்வனே இயங்கினால், நடத்தலைக் குறிக்கும் ‘மார்ஷே’ என்னும் வினையால் அதனைச் சொல்வர். ஆகவே, ஓடுவது ஆங்கிலத்தின் மரபு. நடப்பது தமிழின் மரபு. இதில் உயர்வு தாழ்வு கூற இடமில்லை.

தேர்தலைப் பற்றிய வழக்கு இன்னும் சுவையுடையது. அமெரிக்க நாட்டில் வேட்பாளர் ‘ஓடுகிறார்’. பிரிட்டனிலோ மரபாக அவர் ‘நிற்கிறார்’. ஒரே மொழி பேசும் இரு நாட்டார், ஒரே செயலுக்கு ஒன்றோடொன்று மாறுபட்ட இரு வினைகளைக் கொண்டனர். தமிழர் ‘தேர்தலில் நிற்கிறார்’ என்பர். ‘போட்டியிடுகிறார்’ என்றும் எழுதுவர். ஓடினாலும் நின்றாலும் கேட்பது வாக்கையே. காய்ச்சலோ, ஆங்கிலத்தில் ஓடுகிறது, தமிழில் அடிக்கிறது. சட்டையின் சாயம் ஆங்கிலத்தில் ஓடுகிறது; தமிழில் வெறுமனே போகிறது. வீட்டில் அரிசி, தமிழில், தீர்ந்துபோகிறது. ‘நாங்கள் அரிசிக்கு வெளியே ஓடிவிட்டோம்’ என்று ஒரு மாணவன் எழுதுவானாயின், அவன் ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் சரியான பொருளையே எழுதியிருக்கிறான். ஆயினும் வாக்கியம் முழுவதும் பொருளற்றுப் போயிற்று.

‘ஓட்டு’ என்றால் என்ன ஆகும்?

இதனினும் நுண்ணிய இடர் ஒன்று உண்டு. ‘கடையை ஓட்டுகிறார்’ என்னும் தொடர் தமிழில் இல்லாததன்று. ‘ஏதோ கடையை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்’ என்று வணிகர் சொல்வதைக் கேட்கலாம். ‘குடும்பத்தை ஓட்டுகிறாள்’, ‘பிழைப்பை ஓட்டுகிறான்’, ‘நாளை ஓட்டுகிறோம்’ என்பனவும் வழக்கில் உள்ளனவே. ஆயின், இவற்றிலெல்லாம் ஓர் இளைப்பு ஒலிக்கிறது. வருவாய் போதாமல், இழுத்துப் பிடித்து, இன்றைக்கு ஒருவாறு கடந்தது என்னும் குறிப்பு அது. ‘குடும்பம் நடத்துகிறாள்’ என்றால் பொறுப்பும் பெருமையும் தோன்றும். ‘குடும்பத்தை ஓட்டுகிறாள்’ என்றால் கண்ணீரும் கடனும் தோன்றும்.

இந்நிலையில், பல கிளைகளோடு செழித்த வணிகர் ஒருவரைப் பற்றிய ஆங்கிலச் செய்தியை மொழிபெயர்ப்பவர் ‘அவர் ஐந்து கடைகளை ஓட்டுகிறார்’ என்று எழுதினால், பாராட்ட வந்த செய்தி இரங்கற் செய்தியாகிவிடும். ‘தலைவர் கூட்டத்தை ஓட்டினார்’ என்று எழுதினாலோ, அவர் வந்திருந்த மக்களை விரட்டியடித்தார் என்றே பொருள்படும். ஏனெனில், காக்கையை ஓட்டுதல், ஆட்டை ஓட்டுதல் என்பதும் அச்சொல்லின் பொருள்களுள் ஒன்று. வாங்குவார் இல்லாத கடையில் இருப்பவன் ஈ ஓட்டுகிறான் என்பது யாவரும் அறிந்த வழக்கு.

இங்கே நிகழ்வது இலக்கணப் பிழை அன்று. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை யாவும் முறைப்படி நிற்கின்றன. தாள் திருத்துவோர் கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாத பிழை இது. அதனாலேயே இது கொடிது. இத்தகைய வாக்கியங்களை நாள்தோறும் படித்து வளரும் இளைஞனுக்கு, நடத்துதலுக்கும் ஓட்டுதலுக்கும் இடையே தன் பாட்டி உணர்ந்திருந்த வேறுபாடு நாளடைவில் மறைந்துபோகும். மொழி சொற்களை இழப்பதற்கு முன்னரே, சொற்களுக்கிடையே உள்ள வேறுபாடுகளை இழக்கத் தொடங்குகிறது.

‘நீண்ட ஓட்டத்தில்’ என்னும் தொடரும் இவ்வகையதே. கட்டுரைகளிலும் மேடைகளிலும் இது இன்று பரவலாகக் காணப்படுகிறது. ஆங்கிலத் தொடரொன்றின் நிழல் இது என்பது வெளிப்படை. தமிழில் ‘நாளடைவில்’, ‘காலப்போக்கில்’, ‘போகப் போக’ என்று எத்தனை வழிகள் உள்ளன! இங்கும் தமிழ் ஓடவில்லை, போகிறது. அதே வேளையில், ‘மின்னோட்டம்’ என்னும் புதுச்சொல்லை ஒருவரும் குறை கூறவில்லை. நீரோட்டம் என்று முன்னரே தமிழில் இருந்த காட்சியோடு அது இயைந்து நின்றதே காரணம். எனவே, பெயர்ப்புச் சொல்லுக்கு உரைகல் ஒன்றே: ஆங்கிலத்தை மறந்துவிட்டுப் படித்தாலும் அத்தொடர் பொருள் தருகிறதா என்பது. மின்னோட்டம் இவ்வுரைகல்லில் தேறும். நீண்ட ஓட்டம் தேறாது. அதைக் கேட்பவனுக்கு மைதானமே நினைவுக்கு வரும்.

தொல்காப்பியர் காட்டிய வழி

பல பொருள் ஒரு சொல் என்பதைத் தமிழ் இலக்கணிகள் ஆங்கிலத்தைக் கண்ட பின் அறிந்துகொண்டவர் அல்லர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம் இதனை இருவகையாகப் பிரித்து ஆராய்கிறது. வரும் வினையால் பொருள் தெளிவுபடும் சொற்கள் ஒருவகை. வினையாலும் வேறுபடாமல், பேசுவோன் வெளிப்படையாகச் சொன்னாலன்றித் தெளிவுபடாத சொற்கள் மற்றொரு வகை. முதல்வகைச் சொல்லின் பொருளைத் தெளிவதற்கு வினை, இனம், சார்பு என்னும் மூன்று கருவிகளையும் அவ்விலக்கணம் தருகிறது.

உரையாசிரியர்கள் இதற்கு ‘மா’ என்னும் சொல்லை எடுத்தாள்வர். ‘மா பூத்தது’ என்றால், பூத்தல் வினையால் அது மரம் என்று தெளிகிறோம். ‘மாவும் பலாவும்’ என்றால், இனத்தால் தெளிகிறோம். போர்க்கோலம் பூண்டவன் மா கேட்டால் குதிரை. அடுப்படியில் நிற்பவள் மா கேட்டால் அரைத்த அரிசி. இது சார்பு.

‘ரன்’ என்னும் ஆங்கில வினைக்கும் இம்மூன்று கருவிகளும் அப்படியே பொருந்துகின்றன. பெயருக்கு வினை துணை செய்வதுபோல, வினைக்குப் பெயர் துணை செய்யும். எழுவாய் ஆறானால் ஒரு பொருள். மூக்கானால் வேறொரு பொருள். செயப்படுபொருள் கடையானால் நடத்துதல், பந்தயமானால் ஓடுதல், கடனானால் ஏற்றிவைத்தல். பின்னே ஒட்டி வரும் சிறு சொல் மாறினாலும் பொருள் மாறும்: ஒன்று சேர்ந்தால் தீர்ந்துபோதல், மற்றொன்று சேர்ந்தால் எதிர்ப்படுதல், இன்னொன்று சேர்ந்தால் வண்டி ஏறிச் செல்லுதல். ‘அவர் ஓடுகிறார்’ என்னும் வெற்று வாக்கியம் விளையாட்டுப் பக்கத்தில் ஒன்றையும், அமெரிக்கத் தேர்தல் பக்கத்தில் மற்றொன்றையும் குறிப்பது சார்பினால் ஆகும். வங்கியைச் சார்ந்து அச்சொல் பெயராக வந்தால், அஞ்சிய மக்கள் தம் பணத்தை மீட்க ஒருங்கே திரளுதலைக் குறிக்கும். 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாயிலில் மக்கள் நீண்ட வரிசையில் நின்றபோது, செய்தித்தாள்கள் அதனை அச்சொல்லாலேயே குறித்தன. நின்றது வரிசை, சொல்லோ ஓட்டம்!

அகராதிகளின் நிலை

சொல்லின் பொருளை அதன் சூழலிலிருந்து பிரித்து வைத்தல் நிகண்டுகளின் முறை. திவாகரத்தின் பன்னிரண்டு தொகுதிகளுள் பதினோராவது, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுத்துரைப்பது. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியும் அத்தகையதே. 1732இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருளைப் பெயரகராதியிலும், ஒரு பொருளுக்குரிய பல சொல்லைப் பொருளகராதியிலும் வைத்து, இருபுறமும் வாயில் திறந்தது. இவை மனப்பாடத்திற்கும் செய்யுளுக்கும் உதவிய அருநூல்கள். தமிழைத் தாய்மொழியாகப் பேசி, சூழலைத் தாமே அறிந்திருந்தவர்க்கு இம்முறை போதுமானதாயிருந்தது.

அயல்மொழி கற்பவனுக்கோ அது போதாது. 1960களில் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம், கலைச்சொல் ஆக்கத்திற்கும் மொழிபெயர்ப்புக்கும் பெருந்துணையாயிற்று. 1992இல் வெளிவந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ சொற்களை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு விளக்கி, வழக்கையே சான்றாக நிறுத்தியது. இவை செல்லத்தக்க திசையைக் காட்டுகின்றன. ஆனால், பள்ளி மாணவர் பையில் பெரும்பாலும் கிடப்பவை, ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே இரண்டு மூன்று தமிழ்ச் சொற்களைக் காற்புள்ளியிட்டு அடுக்கிய சிற்றகராதிகளே. ‘ஓடு, இயக்கு, நடத்து, பாய்’ என்று அடுக்கினால், எது எப்போது வரும் என்று மாணவன் எவ்வாறு அறிவான்? முதலில் இருப்பதையே எடுத்துக்கொள்வான். மருந்துக் கடையில் புட்டிகளை அடுக்கிவைத்து, எந்நோய்க்கு எது என்று எழுதாமல் விட்டதற்கு இது நிகர்.

வகுப்பறையில் செய்யத்தக்கது

நாளொன்றுக்குப் பத்துச் சொற்களுக்குப் பொருள் எழுதச் செய்வதைவிட, ஒரு சொல்லைப் பத்து வாக்கியங்களில் வைத்துக் காட்டுவது மிகுந்த பயன் தரும். ‘ரன்’ வரும் பத்து ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்து, ‘ஓடு’ என்னும் சொல்லைத் தொடாமல் தமிழில் எழுதச் செய்க. மாணவர் வழிதல், ஒழுகுதல், நடத்துதல், நிற்றல், தீர்தல், அடித்தல் என்று தம் வீட்டு மொழிக்குள் தேடத் தொடங்குவர். பின்னர், ‘ஓடு’ இல்லாமல் எழுதவே இயலாத வாக்கியங்கள் எவை என்று வினவுக. இருமொழியும் ஒன்றுபடும் இடத்தையும் வேறுபடும் இடத்தையும் அவர்களே வரைந்துகொள்வர். மலாய் வாக்கியங்களையும் பக்கத்தில் வைத்தால் பாடம் இன்னும் தெளிவுபெறும். மும்மொழி பயிலும் பிள்ளைகளுக்கு இவ்வொப்பீடு சுமையன்று, கையிலிருக்கும் முதல்.

மறுபுறமும் செல்லல் வேண்டும். தமிழின் ‘அடி’ என்னும் வினையை எடுத்துக்கொள்க. வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, மணி அடிக்கிறது, வாடை அடிக்கிறது. சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம். திண்ணையில் அமர்ந்து அரட்டை அடிக்கிறோம். இவற்றையெல்லாம் ஓர் ஆங்கிலேயன் கற்க வந்தால், அவன் படும் பாடு ‘ரன்’ என்னும் சொல்லிடம் தமிழ்ச் சிறுவன் படும் பாட்டினும் குறைந்ததன்று. இதனை அறிந்த மாணவனுக்கு ஆங்கிலத்தின்மீதுள்ள அச்சம் தணியும். தன் மொழியின்மீது மதிப்பும் பிறக்கும்.

இன்று மொழிபெயர்ப்புப் பணியைக் கணினியே நொடிப்பொழுதில் செய்துவிடுகிறது. சூழலை ஓரளவு உணர்ந்தே அது சொற்களைத் தேர்ந்தெடுக்கிறது என்பதும் உண்மை. ஆயினும், அது தரும் தமிழில் வணிகர் கடை நடத்துகிறாரா, கடையை ஓட்டுகிறாரா என்று பார்த்துத் தெளியும் செவி மனிதனுக்கு வேண்டும். அச்செவியை அகராதியும் தராது, கணினியும் தராது. வீட்டில் கேட்ட பேச்சும், பள்ளியில் படித்த நல்ல உரைநடையும், ஆசிரியரின் திருத்தமுமே தரும்.

ஆகவே, கட்டுரைத் தாளில் ‘நீண்ட ஓட்டத்தில்’ என்று கண்டவுடன் சிவப்புக் கோடிட்டு மதிப்பெண் குறைப்பதோடு ஆசிரியர் பணி நிறைவுறுவதில்லை. அக்கோட்டின் பக்கத்தில் ‘போகப் போக’ என்று எழுதுதல் வேண்டும். அதனைக் காணும் மாணவன், அச்சொல் தன் வீட்டில் நாள்தோறும் கேட்டதுதானே என்று வியப்பான். அடுத்த கட்டுரையில் ஆங்கில அகராதியைப் புரட்டுவதற்கு முன், ஒரு கணம் அவன் தன் வீட்டுப் பேச்சை நினைத்துப் பார்க்கக்கூடும்.